எண்ணெய்க் குளியல் நிலையம் நடத்திக் கண்டவை

இக்கல்லூரியில் ஒரே வகுப்பிற் பயின்று வெளியேறிய யாம் இருவர், 2017-ஆம் ஆண்டில் பாளையங்கோட்டையில் ஒரு சிறு வீட்டை வாடகைக்கு அமர்த்தி, எண்ணெய்க் குளியல் நிலையம் ஒன்று தொடங்கினோம். அறைகள் இரண்டு, வெந்நீர்க் கொதிகலம் ஒன்று, உடம்பு பிடிப்பதிற் கைதேர்ந்த பெரியவர் ஒருவர், மகளிர்க்கு ஓர் அம்மையார். எம் முதல் முழுவதும் இவ்வளவில் அடங்கிற்று. இத்தொழிலிற் புக விரும்பும் இளைஞர் சிலர் அவ்வப்போது எம்மை வினவுகின்றமையால், கண்டவற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம். விரைவிற் பொருளீட்டும் உபாயங்களை இதில் தேடுவோர் ஏமாற்றமடைதல் கூடும்.

முதற்பிழை பெயர்ப்பலகையிலேயே நேர்ந்தது. வாதம், பக்கவாதம், நீரிழிவு, உடற்பருமன் ஆகிய யாவும் நீங்கும் என்று கொட்டை எழுத்தில் எழுதுவித்தோம். பலகை காய்வதற்குள் வழக்கறிஞராகிய நண்பர் ஒருவர் அதனைக் கண்டு நகைத்து, 1954-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் விளம்பரச் சட்டத்தை எம் கையிற் கொடுத்தார். இன்னின்ன நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரஞ் செய்தல் ஆகாது என்று அச்சட்டம் ஓர் அட்டவணையே வகுத்திருக்கிறது. யாம் எழுதிய நான்கும் அதனுள் அடங்கியிருந்தன. மூலிகையிட்ட தைலத்தைக் காய்ச்சி மருந்தென்று விற்க விரும்பினால், 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப்பொருள்கள் சட்டத்தின்கீழ் உரிமம் பெறுதல் வேண்டும் என்பதும் அன்றுதான் விளங்கிற்று. நான்கு நோய்களையும் அழித்து, "எண்ணெய்க் குளியல், வெந்நீர் உண்டு" என்று மட்டும் எழுதச் சொன்னோம். இவ்வளவு சுருங்க எழுதுவதற்கும் அதே கூலிதானா என்று பலகை எழுதுபவர் எம்மைக் கேட்டார்.

நிற்க, வரவு செலவைப் பற்றிச் சிறிது கூறுவோம். எண்ணெய் தேய்த்து ஊறி, உடம்பு பிடித்து, சீயக்காயிட்டுக் குளித்தெழ ஒருவர்க்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். ஒன்பது மணி நேரம் திறந்திருந்தால் இரண்டு அறைகளிலும் பன்னிருவர்க்கு இடம் உண்டு. ஆடவர்க்குப் புதனும் சனியும், மகளிர்க்குச் செவ்வாயும் வெள்ளியும் என்பது நம் நாட்டு வழக்கமன்றோ? சனிக்கிழமையில் வந்தவரிற் பாதிப்பேரைத் திருப்பியனுப்பினோம். திங்கட்கிழமையில் வாயிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வாடகையோ ஏழு நாளைக்கும் ஒன்றே. விற்காத நல்லெண்ணெய் நாளைக்கும் இருக்கும். விற்காத நாழிகை இராது. வியாழக்கிழமைக்குக் கட்டணத்தைப் பாதியாகக் குறைத்தும் பார்த்தோம். ஒருவரும் வரவில்லை. தலைமுறை தலைமுறையாய் வந்த வழக்கம் கட்டணக் குறைவுக்கு இளகுமென்று எண்ணியது எம் பேதைமையே. பின்னர், தலைமுழுக்கின்றிக் கையும் காலும் மட்டும் பிடித்துவிடுவது என்று ஏற்படுத்தியபோது, லாரி ஓட்டுநரும் பந்தாட்டக்காரரும் கிழமை பாராமல் வரத் தொடங்கினர்.

முன்பணம் வாங்கியதே எம்மைப் பெருந்துன்பத்துக்கு உள்ளாக்கியது. பத்துக் குளியலுக்குப் பணங் கட்டினால் ஒன்று இனாம் என்று 2019-ஆம் ஆண்டுத் தீபாவளிக்குச் சீட்டு விற்றோம். கை நிறையப் பணம் சேர்ந்தது. அதனை வருமானமென்றே மயங்கிப் புதிய கொதிகலம் வாங்கிவிட்டோம். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 25-ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. நிலையம் அடைபட்டது. கையிற் காசில்லை; சீட்டு வைத்திருந்தவர் நாற்பத்தொருவர். அவர்களிற் கேட்டவர்க்கெல்லாம், எம்மில் ஒருவரின் மனைவியார் வளையல்களை அடகுவைத்துத் திருப்பிக் கொடுத்தோம். முன்பணம் என்பது இன்னும் செய்து முடிக்காத வேலைக்குப் பட்ட கடன் என்று கணக்கியல் வகுப்பில் நன்றாய்ப் படித்திருந்தோம், பரீட்சையில் எழுதியுமிருந்தோம். இப்போது அப்பணத்தை வங்கியில் வேறு கணக்கில் வைத்து, ஒரு குளியல் முடிந்தால் ஒன்றற்குரியதை மட்டுமே எடுக்கின்றோம்.

சில்லறை இடர்கள் பல. சீயக்காய்த்தூளும் எண்ணெயும் கலந்து சாக்கடைக் குழாயில் இறுகி அடைத்துக்கொள்ளும். ஒருநாள் மாலை, வெயிலில் உலர்த்திய துண்டுகளைச் சூட்டோடு கூடையிற் குவித்துச் சென்றோம். காலையில் நடுவிலிருந்த துண்டுகள் கருகியிருந்தன. எவரோ நெருப்பிட்டனர் என்றே முதலில் ஐயுற்றோம். துணியில் எஞ்சிய நல்லெண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடுங்கால் வெப்பம் உண்டாகும். குவியலின் உள்ளே அது வெளியேற வழியின்றி ஏறிக்கொண்டே போய்த் தானே தீப்பற்றுதலும் உண்டு என்று பின்னரே அறிந்தோம். துண்டுகளை ஆறவிட்டு மடித்து அடுக்குவது அன்று முதல் எம் நிலையத்தில் கட்டளை.

இவை எல்லாவற்றினும் எம் நெஞ்சை விட்டகலாதது வேறொன்று. ஊரடங்கிற்கு முந்திய ஆண்டில் ஒரு சனிக்கிழமை, வெளியூர்ப் பிரயாணம் முடித்துத் திரும்பிய வியாபாரி ஒருவர் கால் வலியென்று வந்தார். இரவு முழுதும் பேருந்தில் உட்கார்ந்து வந்தவர், கட்டணமும் செலுத்திவிட்டார். உடம்பு பிடிக்கும் பெரியவர் அவர் கால்களை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு எழுந்து எம்மிடம் வந்து, "தம்பி, இரண்டு காலும் ஒன்றுபோல் இல்லை. இடக்கால் வீங்கிச் சுடுகிறது. இதில் நான் கை வைக்க மாட்டேன். அண்ணாச்சியை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள்" என்றார். யாம் மெச்சினோம் அல்லோம், சினந்தோம். மெல்லவாவது தேய்த்துவிடும்படி இருமுறை சொன்னோம். பெரியவர் அசையவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினோம். மூன்றாம் நாள் அவருடைய மகன் வந்து, காலின் ஆழத்துச் சிரையில் இரத்தம் உறைந்திருந்ததென்றும், தந்தையார் ஆஸ்பத்திரியில் இருக்கிறாரென்றும் சொல்லிப் பெரியவரை வணங்கிச் சென்றார்.

நெடுநேரம் அசையாது உட்கார்ந்திருப்போர்க்கும், அறுவைச் சிகிச்சைக்குப் பின் படுக்கையிற் கிடப்போர்க்கும் இவ்வுறைவு நேர்தல் உண்டு. அக்காலை அழுத்தித் தேய்த்தால், உறைந்த கட்டி பெயர்ந்து இருதயத்தின் வழியாய் நுரையீரலிற் சென்று அடைத்துக்கொள்ளக்கூடும். சில நிமிஷங்களில் உயிர் போவதும் உண்டு. தட்டல், இறுக்கல், பிடித்தல் முதலாகத் தொக்கணத்தைச் சித்த மருத்துவ நூல்கள் ஒன்பது வகையாய்க் கூறும். பெரியவர் அந்நூல்களைக் கண்டவர் அல்லர். அவர் கையே அவருக்கு நூல்.

அன்றிரவு கணக்கெழுதும்போதுதான் மற்றொன்று எமக்குப் புலப்பட்டது. பெரியவர்க்கு மாதச் சம்பளம் இல்லை. ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்பதே பேச்சு. ஆகவே அந்த வியாபாரியைத் தொட மறுத்ததால் அன்றைக் கூலியில் ஒரு பங்கை அவர் இழந்திருந்தார். வருவோர் எல்லாரையும் தேய்க்கத் தூண்டும்படி கூலியை வகுத்தவர் யாமே. மறுவாரம் முதல், காய்ச்சல் உண்டா, கர்ப்பமா, அண்மையில் அறுவைச் சிகிச்சை நடந்ததா, ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறதா, நீரிழிவினாற் பாதம் மரத்திருக்கிறதா என்று வாயிலிலேயே கேட்கலானோம். பாதம் மரத்தவர்க்கு வெந்நீரின் சூடு தெரியாதாகையால், பணியாளரே முழங்கையால் நீரைப் பார்த்து ஊற்றல் வேண்டும். திருப்பியனுப்பப்படும் ஒவ்வொருவர்க்கும் உரிய முழுக்கூலியும் பணியாளர்க்கு உண்டு என்றும் ஏற்படுத்தினோம். அதற்கெனக் கணக்குப் புத்தகத்தில் "தொடாத கூலி" என்று ஒரு பத்தி இருக்கிறது. முதலாண்டில் அப்பத்தியில் ஏறிய தொகை, துண்டு வெளுப்பதற்குக் கொடுத்ததினும் குறைவே.