சிறகின் பரப்பும் பறப்பின் வேகமும்

மாரி ஓய்ந்த நாட்களிலே கண்டி வீதியால் ஆனையிறவைக் கடப்பவர்கள் நீரேரியில் பூநாரைகள் மேய்வதைக் கண்டிருப்பர். அவை எழும் விதத்தைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். பூநாரை நின்ற இடத்திலிருந்து எழுவதில்லை. நீர்மேல் சிறிது தூரம் ஓடி, வேகம் கொண்ட பின்னரே அதன் கால்கள் நீரை விட்டு நீங்குகின்றன. அதே நீர்ப்பரப்பின் மேல் ஆலாப் பறவையோ, காற்றில் ஓரிடத்திலே நின்று சிறகடித்து மீனைத் தேடுகிறது. ஆலாவின் உடல் இலேசானது. அந்தப் பாரத்துக்கு அதன் சிறகு பெரிது. பூநாரையின் சிறகு ஒவ்வோர் அங்குலத்திலும் அதனிலும் மிகுந்த பாரத்தைச் சுமக்கிறது.

போர் விமானத்துக்கும் இதுவே கணக்கு. விமானத்தின் எடையைச் சிறகின் பரப்பால் வகுத்தால் வருவது சிறகுச் சுமை. சிறகைத் தாங்கும் தூக்குவிசை பரப்போடு வளர்கிறது. வேகத்தோடோ அதனிலும் விரைந்து வளர்கிறது. வேகம் இரு மடங்கானால் தூக்குவிசை நான்கு மடங்காகும். ஆகவே, வேகமாகப் பறப்பவனுக்குச் சிறிய சிறகே போதும். பெரிய சிறகு அவனுக்கு வீண் இழுவை. ஆனால் எந்த விமானமும் ஒரு நாள் தரையில் இறங்கியாக வேண்டும். எதிரியைக் கண்டு வளைந்து திரும்பவும் வேண்டும். அவ்வேளைகளில் அந்தச் சிறிய சிறகே அதற்குப் பகையாகிறது.

இந்த வழக்கை இலங்கை விமானப்படையின் மூன்று விமானங்களிலே காணலாம். மூன்றும் கட்டுநாயக்காவிலிருந்து பறந்தவை. அங்கிருந்து ஆனையிறவு வான்வழியே சுமார் 265 கிலோமீற்றர். மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் பதினெட்டு நிமிடப் பயணம்.

முதலாவது, 1991இல் வந்த சீனத்து எப்-7. இது ரஷ்ய மிக்-21 விமானத்தின் வழிவந்தது. முக்கோணச் சிறகு, பரப்பு 23 சதுர மீற்றர் மட்டுமே. எட்டுத் தொன் எடையோடு எழும்போது ஒவ்வொரு சதுர மீற்றரும் ஏறத்தாழ 350 கிலோவைச் சுமக்கிறது. ஒலியின் இரு மடங்கு வேகத்தை எட்டவென்று வகுக்கப்பட்ட சிறகு இது. அதற்கான விலையை விமானி இறங்கும்போது செலுத்துகிறார்: மணிக்கு 300 கிலோமீற்றரை ஒட்டிய வேகத்தில் ஓடுபாதையைத் தொடவேண்டும். நமது வெப்பத்தில் காற்று அடர்த்தி குறைந்து, ஓட்டம் மேலும் நீளும்.

இரண்டாவது, 1996இல் வந்த கிபிர். எபிரேய மொழியில் இச்சொல் சிங்கக் குட்டியைக் குறிக்கும். வன்னி மக்களுக்கோ அது ஒரு விமானத்தின் பெயராக மட்டும் நிற்கவில்லை; வானில் இரைந்து வரும் எந்தப் போர் விமானமும் அவர்களுக்குக் 'கிபிர்' ஆயிற்று. பதுங்குகுழிக்கு ஓடிய சிறுவர் அதன் சிறகைப் பார்த்து நின்றவர் அல்லர். இரைச்சலைக் கொண்டே அறிந்தனர். பிரெஞ்சு மிராஜ் விமானத்திலிருந்து பிறந்த இதன் முக்கோணச் சிறகு சுமார் 35 சதுர மீற்றர். மெல்லியதாயினும் அகன்றது; உள்ளே எரிபொருளுக்கும் இடமுண்டு. ஆனால் பின்னே தனிக் கிடைவால் இல்லை. இறங்கும்போது மூக்கை உயர்த்த, சிறகின் பின்விளிம்பை மேலே மடக்க வேண்டும். அது விமானத்தின் பின்பகுதியைக் கீழே அழுத்தும். தூக்குவிசை மிகத் தேவையான கணத்திலேயே அதை இழப்பது விந்தையல்லவா! இக்குறையைத் தணிக்கவே விமானி இருக்கைக்குப் பின்னால், காற்றுவாயின் மேல், இரு சிறு முன்சிறகுகளைப் பொருத்தினர்.

2000 ஏப்ரலில் ஆனையிறவுப் படைத்தளம் விடுதலைப் புலிகளின் வசமாயிற்று. மூன்றாவதான மிக்-27 அதே ஆண்டில் வாங்கப்பட்டது. இது ஒரே சிறகை மூன்று நிலைகளில் வைக்கும். எழவும் இறங்கவும் 16 பாகையில் விரித்த சிறகு, இடைநிலைக்கு 45, தாழ்வாக விரைந்து பாய 72 பாகை பின்மடித்த சிறகு. நிலத்தை ஒட்டிப் பறக்கையில் வெப்பக்காற்றின் அலைகள் அகன்ற சிறகை ஓயாமல் உலுக்கும்; மடித்த சிறகு அவற்றைக் கிழித்துக்கொண்டு போகும். காற்று மிகுந்தால் வள்ளக்காரர் பாயைச் சுருக்குவது போன்றதே இது. எனினும் சுழல்மூட்டும் அதன் பொறிகளும் பறப்பு முழுவதும் சுமக்கவேண்டிய பாரம். பராமரிப்போருக்கும் ஓயாத வேலை. என் எண்ணத்தில் இது அறிவுடைய தீர்வு. ஆனால் மலிவான தீர்வன்று. இந்தியாவும் தன் மிக்-27 விமானங்களை 2019இல் ஓய்வுபெறச் செய்தது.

இன்றைய அமெரிக்க எப்-35 விமானத்தில் வேறு வழி கையாளப்பட்டது. தரைத்தளத்திலிருந்து பறப்பதற்குச் சிறகு 42.7 சதுர மீற்றர். விமானந்தாங்கிக் கப்பலில் மெதுவாக இறங்கவேண்டியதற்கு 62.1. கப்பலுக்குரியது எடை கூடியது. திருப்பத்தில் புவியீர்ப்பின் ஏழரை மடங்கு விசையையே தாங்கும். மற்றது ஒன்பது மடங்கைத் தாங்கும்.

இனி மறுபடியும் நம் நாட்டுக்கு வருவோம். 2007 மார்ச்சில் விடுதலைப் புலிகள் சிலின்-143 என்ற செக் நாட்டுச் சிறு விமானங்களைக் கொண்டு கட்டுநாயக்காத் தளத்தைத் தாக்கினர். நால்வர் அமரும், விசிறி பூட்டிய விமானம் அது. எப்-7 தரையிறங்கும் வேகத்தையும் அது எட்டாது. துரத்துவோன் தன் இரைக்குப் பின்னால் நிலைத்துப் பறக்க இயலாத நிலை! சற்றே வேகம் குறைத்தால் அவனது சிறகு காற்றைப் பிடிக்காது. குறைக்காவிட்டால் இரையைக் கடந்து போய்விடுவான். 2008இல் எப்-7ஜீ என்ற புதிய வகை கொண்டுவரப்பட்டது. முதன்மையான காரணம் மேம்பட்ட ராடார். ஆயினும் அதன் சிறகும் மாறியிருந்தது: வெளிப்பகுதியின் சாய்வு குறைக்கப்பட்டு, பரப்பு ஏறத்தாழ 25 சதுர மீற்றர் ஆயிற்று. இரண்டு சதுர மீற்றருக்கும் குறைவான அந்தக் கூடுதல், திருப்பத்தை இறுக்கவும் இறங்கும் வேகத்தைச் சற்றுத் தணிக்கவும் உதவியது. ஆலாவைப் போல் காற்றில் நிற்க அதனாலும் இயலவில்லை.