கமார்ரா செய்யாத ஃபவுல்

நாங்கள் கால்பந்து ஆடிய காலத்தில் ஸ்டாப்பர், அதாவது நடுத் தற்காப்பு ஆட்டக்காரன், என்றால் காலை வாரத் தெரிந்தவன். பந்து தாண்டினாலும் ஆள் தாண்டக் கூடாது, அவ்வளவுதான் எங்களுக்குக் கிடைத்த பயிற்சி. என் முட்டியில் இன்றும் இருக்கும் தழும்புகள் அந்தப் பயிற்சியின் மிச்சம். அதெல்லாம் தப்பு என்று எனக்குப் புரியவைத்தவர் பராகுவே நாட்டின் கார்லோஸ் கமார்ரா.

1998 உலகக் கோப்பை பிரான்ஸில் நடந்தது. பராகுவே நான்கு ஆட்டங்கள் ஆடியது. நான்கிலும் கமார்ரா தற்காப்பின் நடுவில் நின்றார். ஒரு ஃபவுல்கூட அவர் செய்யவில்லை. கோலுக்கு முன்னால் நின்று, எதிரணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களோடு உடம்பு உரசப் போராடும் ஒருவருக்கு இது எப்படிச் சாத்தியம் என்று ஆடிப் பார்த்தவர்களுக்குத்தான் மலைப்பாக இருக்கும். அவர் ஒதுங்கியும் நிற்கவில்லை. பல்கேரியாவும் ஸ்பெயினும் அந்த அணிக்கு எதிராக ஒரு கோல்கூடப் போடவில்லை.

அவர் ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்து நான் கண்டுகொண்டதைச் சொல்கிறேன். முன்கள வீரர் கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பந்துக்காக நிற்பார். எங்களைப் போன்றவர்கள் பின்னால் ஒட்டிக்கொண்டு நெட்டித் தள்ளுவோம், விசில் விழும். கமார்ரா அரையடி பக்கவாட்டில் நிற்பார். கண் பந்தை வைத்திருப்பவனின் காலில் இருக்கும். பந்து கிளம்பும்போதே இவரும் கிளம்பி, முன்னால் புகுந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார். நேரம் தப்பிவிட்டதா, பாய மாட்டார். உடம்பைச் சாய்வாகத் திருப்பி, பின்னோக்கி நகர்ந்தபடி ஆளை ஓரக்கோட்டுப் பக்கம் ஒதுக்குவார். எதிராளி பந்தை ஒரு சாண் அதிகமாகத் தட்டும் வரை காத்திருப்பார். தரையில் சறுக்கி விழுவது அவருக்குக் கடைசி வழி. விழுந்தவன் எழுவதற்குள் எல்லாம் முடிந்துவிடுமே!

ஜூன் 28, லான்ஸ் நகரம். எதிரே பிரான்ஸ். தோள்பட்டையில் அடிபட்டு, ஒரு கையைச் சரியாக அசைக்க முடியாத நிலையிலும் கமார்ரா வெளியேறவில்லை. கோலி சிலாவெர்ட்டும் அவரும் கூடுதல் நேரத்தின் பிற்பாதி வரை கதவைச் சாத்தியே வைத்திருந்தார்கள். கூடுதல் நேரத்தில் முதல் கோல் விழுந்ததுமே ஆட்டம் முடிந்துவிடும் என்பது அன்றைய விதி. பிரான்ஸின் ட்ரெஸகே தலையால் தட்டிக் கொடுத்ததை லாரன் பிளாங்க் அடித்தார். உலகக் கோப்பையின் முதல் 'கோல்டன் கோல்' அது. தரையில் விழுந்து கிடந்த தோழர்களை சிலாவெர்ட் ஒவ்வொருவராகத் தூக்கி நிறுத்தியபோது, எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. அந்த உலகக் கோப்பையின் சிறந்த வீரர்கள் பட்டியலில் சிலாவெர்ட், கமார்ரா இருவர் பெயரும் இருந்தன.

இபகராயி என்ற சிற்றூரில் 1971இல் பிறந்தவர் கமார்ரா. செர்ரோ போர்தேன்யோவில் தொடங்கி அர்ஜென்டினா, பிரேசில், போர்ச்சுகல், ஸ்பெயின், கிரீஸ், இத்தாலி என்று ஊர் ஊராக ஆடினார். 1998இல் பிரேசில் சாம்பியன் பட்டம் வென்ற கொரிந்தியன்ஸ் அணியில் அவர் இருந்தார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில், 23 வயதுக்குட்பட்டவர்களின் அணியில் விதிவிலக்காக அனுமதிக்கப்படும் மூத்தவர்களில் ஒருவராக, 33 வயதில் ஆடினார். இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 1-0 என்று தோற்றார்கள். ஆனாலும் அந்த வெள்ளிதான் பராகுவேயின் முதல் ஒலிம்பிக் பதக்கம். நாட்டுக்காக 110 ஆட்டங்கள் ஆடி, 2007இல் ஓய்வு பெற்றார்.

2006 உலகக் கோப்பையை மட்டும் நினைத்தால் எனக்கு மனசு கனக்கும். ஃப்ராங்ஃபர்ட்டில் இங்கிலாந்துடன் ஆட்டம். மூன்றாவது நிமிடம் பெக்காம் அடித்த ஃப்ரீ கிக், கமார்ராவின் தலையில் பட்டுச் சொந்த வலைக்குள் போனது. ஒரு உலகக் கோப்பை முழுவதும் ஃபவுலே செய்யாத மனிதரைப் பற்றிப் பலர் நினைவில் தங்கியிருப்பது இதுதான் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மிச்ச நேரம் முழுவதும் ஆடியும் இங்கிலாந்தால் இன்னொரு கோல் போட முடியவில்லை. அதையும் சேர்த்துத்தான் என் பையன்களுக்கு அந்த ஆட்டத்தைப் போட்டுக்காட்டுகிறேன்.