இரைப்பையில் மிதக்கும் மருந்து மணிகள்

நீரிழிவு நோய்க்குக் கொடுக்கப்படும் மெட்ஃபார்மின் பெரும்பாலும் சிறுகுடலின் மேற்பகுதியிலேயே உடலில் ஏற்கப்படுகிறது. சாதாரண மாத்திரை விரைவில் கரைந்து அவ்விடத்தைக் கடந்துவிடுவதால், நாள்தோறும் இரண்டு மூன்று வேளை உட்கொள்ள நேரிடுகிறது. வேளை தவறுவோர் பலர். அதன் துன்பமும் அவர்களையே சாரும். மருந்து இரைப்பையில் தங்கிச் சிறிது சிறிதாகக் கசியுமானால் இக்குறை பெரிதும் நீங்கும்.

ஆனால், வயிறு வெறுமையாக இருக்கும்போது, ஏறத்தாழ 90 முதல் 120 நிமிடங்களுக்கு ஒருமுறை, இரைப்பை வலுவாகச் சுருங்கி எஞ்சியவற்றைக் குடலுக்குத் தள்ளிவிடுகிறது. இதற்கு விஞ்ஞானிகள் கண்ட உபாயங்களுள் ஒன்று, மருந்தை மிதக்கச் செய்வதாகும்.

இதற்கு உதவும் பொருள் ஆல்ஜினேட். பழுப்பு நிறக் கடற்பாசிகளிலிருந்து கிடைக்கும் இதனை 1881-ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு என்னும் பிரிட்டிஷ் ரசாயன நிபுணர் கண்டறிந்தார். மன்னார் வளைகுடாவில் வளரும் சர்காசம், டர்பினேரியா ஆகிய பாசிகளும் இதனைத் தருகின்றன.

சோடியம் ஆல்ஜினேட் கரைசலில் மருந்தையும் கால்சியம் கார்பனேட் தூளையும் கலந்து, ஊசி வழியே கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச் சொட்டாக விடுகின்றனர். கால்சியம் ஆல்ஜினேட் இழைகளைப் பிணைப்பதால், ஒவ்வொரு சொட்டும் கூழ்மணியாக உறைகிறது. இரைப்பை அமிலம் பட்டதும் கார்பனேட்டிலிருந்து கரியமில வாயு எழுந்து மணிக்குள் சிறைப்படுகிறது. மணி மேலே எழுந்து மிதக்கிறது. சோடியம் பைகார்பனேட்டும் வாயுவைத் தரும். எனினும் அதனால் மணி வலுக்குன்றிவிடுகிறது.

இடர்ப்பாடுகளும் உண்டு. மெட்ஃபார்மின் நீரில் எளிதில் கரைவதால், மணி உறையும்போதே ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. 37 பாகை வெப்பமுள்ள நீர்த்த அமிலத்தில் பல மணி நேரம் மிதக்கும் மணி, இரைப்பையிலும் அவ்வாறே தங்கும் என்பதற்கு உறுதியில்லை. அங்கே போதிய நீரும் உணவும் இருத்தல் வேண்டும். நோயாளி படுத்திருந்தால் பயன் குறையவுங்கூடும். இரைப்பையை உறுத்தும் மருந்துகளுக்கும், அமிலத்தில் சிதையும் மருந்துகளுக்கும் இம்முறை ஏற்றதன்று.

மருந்துக்குப் பதிலாகச் சாயத்தைச் சேர்த்து, ஆசிரியர்கள் இம்மணிகளைப் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே செய்துகாட்டலாம். சாயம் கசிவதையும் மாணவர் காண்பர். இன்று வழங்கப்படும் நீடித்துக் கரையும் மெட்ஃபார்மின் மாத்திரைகளும் மருந்தை மெல்ல விடுவிக்கும் நோக்குடன் அமைந்தவையே. அவற்றை உடைக்காமலும் மெல்லாமலும், உணவுடன் போதிய நீர் அருந்தி முழுதாக விழுங்க வேண்டும் என்பதைக் கள ஊழியர்கள் காரணத்துடன் எடுத்துரைப்பார்களாயின், நோயாளர் அதனை மறவாது பின்பற்றுவர்.