பறப்பவருக்கு ஒரு பாலிசி

சொந்தமாக விமானம் ஓட்டும் அமெரிக்கருக்கு 1930இல் ஆயுள் காப்பீடு என்பது பாதிக் காப்பீடுதான். படுக்கையில் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் வரும். விமானத்தில் இறந்தால் பெரும்பாலும் வராது. காப்பீட்டுத் தொழில் பிழைப்பதே பழைய சாவுக் கணக்கை வைத்துத்தான். விமானம் ஓட்டுபவர்களுக்கு நம்பத்தக்க கணக்கு அன்று போதுமான அளவு இல்லை. கணக்கில்லாத இடத்தில் பல கம்பெனிகள் கதவைச் சாத்தின.

அந்த ஆண்டு நியூயார்க்கில் ஒரு வழக்கு நடந்தது. கட்டணம் செலுத்திய பயணியாகப் போனால் சரி, வேறு எந்த வகையில் பறந்து இறந்தாலும் பொறுப்பில்லை என்றொரு நிபந்தனையைப் பாலிசியோடு இணைக்க மெட்ரோபாலிட்டன் லைஃப் என்ற காப்பீட்டுக் கம்பெனி அனுமதி கேட்டது. மாநிலக் காப்பீட்டு அதிகாரி கான்வே மறுத்தார். இரண்டு ஆண்டு கடந்த பாலிசியைக் கம்பெனி எதிர்த்து வாதாடக் கூடாது என்ற விதிக்கு அது முரண் என்பது அவர் கட்சி. தலைமை நீதிபதி கார்டோசோ கம்பெனி பக்கம் தீர்ப்பளித்தார்: பாலிசி செல்லுமா என்பது வேறு, எந்தெந்தச் சாவுக்கு அது பொறுப்பேற்கிறது என்பது வேறு. கறாரான தர்க்கம்தான். விமானியின் மனைவிக்கு அதில் ஆறுதல் ஒன்றுமில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்தது, பறக்கக் கற்றவர்கள் பெருகினார்கள், 1956இல் செஸ்னா 172 என்ற சிறு விமானம் சந்தைக்கு வந்தது. கூடவே கணக்கும் சேர்ந்தது.

இன்று விண்ணப்பத்தோடு தனியாக ஒரு கேள்வித்தாள் வருகிறது. மொத்தம் எத்தனை மணி நேரம் ஓட்டியிருக்கிறீர்கள்? கடந்த பன்னிரண்டு மாதத்தில் எத்தனை? கருவிகளை மட்டும் நம்பி மேகத்துக்குள் ஓட்டும் தகுதி உண்டா? இங்கேதான் வேடிக்கை. குறைவாகப் பறப்பவருக்கு ஆபத்தும் குறைவு என்று நாம் நினைப்போம். கம்பெனி அப்படி நினைப்பதில்லை. ஆண்டு முழுக்க வண்டியைத் தொடாமல் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளப்புகிறவர் மீது அதற்குச் சந்தேகம். மிக அதிகமாகப் பறப்பவர் மீதும்தான். அளவாகப் பறந்து, கை பழகியிருப்பவருக்குச் சில கம்பெனிகள் மற்றவர்களுக்கான பிரீமியத்தையே போடுகின்றன. பயிற்சி மாணவருக்குப் பெரும்பாலும் கூடுதல் கட்டணம் உண்டு. ஆயிரம் டாலர் காப்பீட்டுக்கு இரண்டரை டாலர் என்று வைத்தால், ஐந்து லட்சம் டாலர் பாலிசிக்கு ஆண்டுக்கு 1,250 டாலர் அதிகம்.

அது கசந்தால், கார்டோசோ அனுமதித்த அதே விலக்கு இன்றும் கிடைக்கும். பறந்து இறந்தால் பணம் வேண்டாம் என்று கையெழுத்திட்டுக் கூடுதல் கட்டணத்திலிருந்து தப்பலாம். வாரந்தோறும் பறப்பவர் இப்படி மிச்சம் பிடிப்பது கஞ்சத்தனம்கூட இல்லை, முட்டாள்தனம்.

பறக்கக் கற்கும் முன்பே பாலிசி எடுத்தவர் பாடு தேவலை. விலக்கு இல்லாத பாலிசி பின்னாளில் அவர் விமானம் ஓட்டினாலும் பொதுவாகச் செல்லும். கம்பெனிகளுக்கும் இது தெரியும். அதனால்தான் அடுத்த இரண்டு ஆண்டில் விமானம் ஓட்டும் எண்ணம் உண்டா என்று விண்ணப்பத்திலேயே பல கம்பெனிகள் கேட்டுவிடுகின்றன.