திறந்த வாயிலால் வந்த தீங்கு

விண்மீன்களிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களைப் புவியின் வளிமண்டலம் தடுத்துவிடுகின்றது. ஆகவே, அவற்றைக் காண விழைவோர் தொலைநோக்கியை விண்வெளிக்கே அனுப்புகின்றனர். அங்கே அதன் கண் பழுதுபட்டால் மாற்றிக் கொடுக்க ஆளில்லை.

1999 யூலை 23ஆம் நாள் அமெரிக்கா ஏவிய தொலைநோக்கி சந்திரா. தமிழ்க் குடும்பத்திற் பிறந்த பௌதிக அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாகப் பெயர் பெற்றது. நீண்ட முட்டை வடிவப் பாதையிற் செல்லும் அது, சுற்றுத்தோறும் புவியைச் சூழ்ந்த கதிர்வீச்சுப் பட்டைகளைக் கடக்கின்றது. சில வாரங்களுக்குள்ளேயே அதன் படக்கருவியிலுள்ள பத்துச் சிலிக்கன் சில்லுகளுள் எட்டு மங்கத் தொடங்கின.

பக்கங்களிலிருந்து தாக்கும் புரோத்தன்களைத் தடுக்கத் தடித்த கவசம் இருந்ததே! கேடு வந்ததோ கண்ணாடிகளின் வழியாக. எக்ஸ் கதிர்களைக் குவிக்கும் ஆடிகள், குளத்து நீரின்மேல் எறிந்த தட்டைக்கல் தத்திச் செல்வது போல, வலுக் குறைந்த புரோத்தன்களையும் சிதறவிட்டுச் சில்லுகளின்மீது செலுத்தின. வலிய புரோத்தன் சில்லை ஊடுருவிப் போய்விடும். மெலியதோ உள்ளேயே தங்கிவிடும்.

சில்லில் விழுந்த ஒளி மின்னேற்றமாகி, தீயணைப்போர் வரிசையில் வாளி கைமாறுவது போல ஓரம்வரை நகர்த்தப்படுகின்றது. இடையில் நிற்போர் தண்ணீரிற் சிறிதைப் பிடித்து வைத்துப் பிந்திக் கொடுத்தால் அளவு எப்படிச் சரியாகும்? புரோத்தன்கள் சிலிக்கனில் உண்டாக்கிய பழுதுகள் அதையே செய்தன. எஞ்சிய இரு சில்லுகள் பின்புறம் ஆடியை நோக்குமாறு பொருத்தப்பட்டவை. மின்னேற்றம் செல்லும் வழி மறுபக்கத்தில் இருந்தமையால் அவை தப்பின.

பட்டைகளைக் கடக்கும் வேளை முன்னரே தெரியும். எனவே அவ்வேளைகளிற் படக்கருவியைக் குவியத்திலிருந்து அகற்றி வைக்கும் வழக்கம் ஏற்பட்டது. பூச்சியத்தின் கீழ் 120 பாகை செல்சியசு வரை குளிரூட்டியதால், நேர்ந்த பழுதின் விளைவும் ஓரளவு தணிந்தது.

விண்துகள்களுக்கு இத்தகைய நேர அட்டவணை இல்லை. 1999 திசெம்பரில் ஐரோப்பியர் ஏவிய எக்ஸ்.எம்.எம். நியூட்டன், பட்டைகளைக் கடக்கும்போது மூடியால் தன் கண்களை மறைத்துக்கொள்ளும். ஆயினும் 2005 மார்ச்சு 9ஆம் நாள், அதன் ஒரு படக்கருவியில் திடீரென ஒளி பளிச்சிட்டது. ஏழு சில்லுகளுள் ஒன்று பயனற்றுப் போயிற்று. கண்ணுக்குப் புலப்படாத நுண்துகள் ஆடியிற் சாய்வாக மோதிச் சிதறி, உள்ளே பாய்ந்ததே காரணம் என ஆய்வாளர் கொண்டனர். 2012 திசெம்பரில் அதே கருவி இன்னொரு சில்லையும் இழந்தது. எஞ்சிய ஐந்துடன் அது தன் பணியைத் தொடர்ந்தது.