டயரில் காற்று, பேட்டரியில் கணக்கு: தனுஷ்கோடிக்கு மின்சார சைக்கிளில்

திண்டுக்கல் மாவட்டத்தின் எரியோடு, வேடசந்தூர் பக்கத்துக்காரர்களுக்கு ராமேஸ்வரம் புதிய ஊர் இல்லை. தை அமாவாசைத் தர்ப்பணம், தீர்த்தமாடல், பள்ளிச் சுற்றுலா என்று ஏதோ ஒரு காரணத்துக்காக வீட்டில் ஒருவராவது போய்வந்திருப்பார். கோயில் முடிந்ததும் வேனில் தனுஷ்கோடிக்குப் போவார்கள். ராமேஸ்வரம் தீவின் கடைக்கோடியான அரிச்சல்முனையில் அரைமணி நேரம் நிற்பார்கள், படம் எடுப்பார்கள், திரும்பிவிடுவார்கள். இடையில் கடந்துபோகும் சுமார் 22 கிலோமீட்டரில்தான் அந்தத் தீவின் நீளத்தில் பெரும்பகுதி இருக்கிறது. வேன் வேகத்தில் அது கண்ணில் தங்குவதில்லை.

அந்தத் தூரத்தை நிதானமாகப் பார்க்க நல்ல வண்டி, தடித்த டயர் போட்ட மின்சார சைக்கிள். கடைகளில் 'ஃபேட் டயர்' என்பார்கள். வாடகைக்கு எடுத்து ஓட்டலாம், நண்பரிடம் வாங்கிக் காரில் ஏற்றியும் கொண்டுபோகலாம். எப்படிப் போனாலும் சில விஷயங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொண்டால் அருமையான நாள். தெரியாமல் போனால் 30 கிலோ இரும்பை வெயிலில் தள்ளிக்கொண்டு திரும்ப நேரிடும்.

தடித்த டயர் எதற்கு?

வேடசந்தூர்ப் பக்கத்துக் குடகனாற்று மணலில் சைக்கிளை இறக்கிப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். சாதாரண சைக்கிள் நாலடி போவதற்குள் சக்கரம் புதைந்து நின்றுவிடும். டயர் தரையைத் தொடும் பரப்பு மிகச் சிறியது என்பதுதான் காரணம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டியும் ஆளும் சேர்ந்து 85 கிலோ, டயரில் 50 பி.எஸ்.ஐ. காற்று என்றால், இரண்டு டயரும் சேர்ந்து தரையைத் தொடுவது ஏறக்குறைய 25 சதுர சென்டிமீட்டர். அவ்வளவு எடையும் அந்தச் சின்ன இடத்தில் இறங்குவதால் மணல் விலகி வழிவிடுகிறது. தடித்த டயரின் அகலம் சுமார் நான்கு அங்குலம். அதில் 8 பி.எஸ்.ஐ. காற்றே போதும். வண்டி கனமானது என்பதால் மொத்த எடை 100 கிலோ என்று வைத்துக்கொண்டாலும், தரையைத் தொடும் பரப்பு 180 சதுர சென்டிமீட்டர் அளவுக்கு விரிகிறது. எடை பரவுவதால் சக்கரம் புதைவதில்லை. மரச்சக்கர மாட்டுவண்டி இறங்கிப்போகும் மணலில் டயர் வண்டி ஏறிவருவதும் இதனால்தான்.

இந்த டயர் பிறந்தது கடற்கரைக்காக மட்டும் இல்லை. அமெரிக்காவின் அலாஸ்காவில் பனிமீது ஓட்டவும், நியூ மெக்சிகோவில் மணல்மீது ஓட்டவும் 1980-களில் தொடங்கி ஆர்வலர்கள் அகலமான ரிம்களைச் செய்து பார்த்தார்கள். 2005-இல் சர்லி நிறுவனம் 'பக்ஸ்லி' என்ற சைக்கிளைக் கொண்டுவந்த பிறகுதான் இந்த வகை பரவலாகக் கடைக்கு வந்தது. மோட்டாரும் பேட்டரியும் பின்னால் சேர்ந்தவை.

மணலுக்கு நல்லதான குறைந்த காற்று, தார்ச்சாலைக்கு ஆகாது. டயர் நசுங்கி நசுங்கி உருள்வதால் பேட்டரி வீணாகும், வளைவில் வண்டி அலைபாயும். தார்ச்சாலைக்கு 15 முதல் 20 பி.எஸ்.ஐ. வரை வைத்துக்கொள்ளுங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவைத் தாண்ட வேண்டாம்.

எது சைக்கிள், எது மோட்டார் வண்டி?

வாடகைக்கு எடுப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. நம் நாட்டு மோட்டார் வாகன விதிகளின்படி மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருந்தால் அது மோட்டார் வாகனம் ஆகாது. மிதிக்கும்போது மோட்டார் கைகொடுக்கும் வகை என்றால், மிதிப்பதை நிறுத்தினாலோ 25 கிலோமீட்டரை எட்டினாலோ மோட்டார் தானாக அடங்க வேண்டும். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு ஒளிபிரதிபலிப்பானும், சரியான பிரேக்கும் இருக்க வேண்டும். இப்படிப்பட்ட வண்டிக்குப் பதிவு எண்ணும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை.

ஆனால் தடித்த டயர் வண்டிகளில் பல இந்த அளவைத் தாண்டியவை. அமெரிக்காவில் 750 வாட் வரையுள்ளதைச் சைக்கிள் என்றே விற்கிறார்கள். அதே வண்டி இங்கே வந்தால் மோட்டார் வாகனம்தான். பதிவும் காப்பீடும் உரிமமும் வேண்டும். விபத்து நடந்தால் "சைக்கிள் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்" என்பது உங்களைக் காப்பாற்றாது. எனவே மோட்டாரின் வாட் அளவைக் கேட்டு, முடிந்தால் வண்டியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் இதைவிடக் கண்டிப்பு. அந்நாட்டில் மின்சார சைக்கிள் என்றால் பதிவு கட்டாயம். மிதித்தால் மட்டுமே மோட்டார் ஓடலாம், கையால் முறுக்கும் ஆக்ஸிலேட்டருக்கு அனுமதி இல்லை. 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் ஓட்டக் கூடாது.

பேட்டரிக் கணக்கு

பேட்டரிமீது 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கும். இரண்டையும் பெருக்கினால் 360 வாட்-மணி. இதுதான் உங்கள் கையிருப்பு. 48 வோல்ட் என்றால் 480.

செலவு எவ்வளவு? சமதளத் தார்ச்சாலையில், காற்று எதிர்க்காதபோது, மிதிக்காமல் ஆக்ஸிலேட்டரில் மட்டும் ஓட்டினால் கிலோமீட்டருக்குச் சுமார் 12 வாட்-மணி என்று வைத்துக்கொள்ளலாம். நீங்களும் மிதித்தால் 7 அளவுக்கு இறங்கும். ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை போய்த் திரும்ப 44 கிலோமீட்டர். 360 வாட்-மணி பேட்டரியில் மிதிக்காமல் போனால் 30 கிலோமீட்டரில் கதை முடிந்துவிடும். மிதித்துக்கொண்டே போனால் 50 கிலோமீட்டர் வரை வரும். அதாவது, இந்தப் பயணத்துக்கு உங்கள் காலும் வேலை செய்தாக வேண்டும்.

போகும்போது பாதிக்குமேல் செலவழிக்காதீர்கள் என்று சொல்வார்கள். இந்தச் சாலையில் அது போதாது. 40 விழுக்காடு தீர்ந்ததும் எங்கே இருந்தாலும் திரும்பிவிடுங்கள். பேட்டரி காட்டும் கோடுகளை அப்படியே நம்பவும் கூடாது. பல வண்டிகளில் அவை வோல்டேஜைத்தான் அளக்கின்றன. முதல் இரண்டு கோடுகள் மெதுவாக இறங்கும், கடைசி இரண்டு சட்டென்று காணாமல் போகும். தனுஷ்கோடியில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். 10 ஆம்பியர்-மணி பேட்டரியை 2 ஆம்பியர் சார்ஜரில் நிரப்பவே ஐந்து மணி நேரமாகும். அது இரவு விடுதியில் செய்ய வேண்டிய வேலை. வெயிலில் ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜில் மாட்டாமல், கொஞ்சம் ஆறவிட்டு மாட்டுங்கள்.

கடற்காற்று

மேலே சொன்ன கணக்கையெல்லாம் புரட்டிப்போடுவது கடற்காற்று. நீங்கள் மணிக்கு 20 கிலோமீட்டரில் போகிறீர்கள், எதிரே அதே வேகத்தில் காற்று வீசுகிறது என்றால், உங்கள்மீது மோதும் காற்றின் வேகம் இரண்டு மடங்கு. ஆனால் அது தரும் தடை நான்கு மடங்கு. பேட்டரிச் செலவு இருமடங்குக்கு மேல் போய்விடும். முதுகுக்குப் பின்னால் காற்று தள்ளும்போது வண்டி பறக்கும், அரிச்சல்முனை வந்ததே தெரியாது. திரும்பும்போதுதான் அதன் விலை தெரியும். அதனால் கிளம்பும்முன் ஒரு கொடியையோ மரத்தையோ பார்த்துக் காற்றின் திசையைத் தெரிந்துகொள்ளுங்கள். போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று என்றால் அது நல்ல நாள்.

தீவுக்காரர்கள் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும், மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். ஒன்று பெரும்பாலும் அமைதி, மற்றது அலை. ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வலுத்து ஆண் கடல் பொங்கும். அப்போது பக்கவாட்டுக் காற்று சைக்கிளைச் சாலையின் ஓரத்துக்குத் தள்ளும், மணலை அள்ளித் தார்ச்சாலையில் போடும். ஐப்பசி, கார்த்திகையில் வாடையும் மழையும் புயல் எச்சரிக்கையும் இருக்கும். எச்சரிக்கை வந்தால் பாதையை மூடிவிடுவார்கள். தை முதல் பங்குனி வரை சைக்கிளுக்கு ஏற்ற காலம்.

எந்த வழி, எங்கே நிற்பது?

இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மேற்குப் பக்கம். தங்கச்சிமடம் அருகே கடலுக்குள் நன்னீர் ஊறும் வில்லூண்டித் தீர்த்தம், பேக்கரும்பில் 2017-இல் திறந்த அப்துல் கலாம் நினைவிடம், அங்கிருந்து பாம்பன் வரை போகலாம். பாம்பன் அருகே குந்துக்காலில் விவேகானந்தர் நினைவு மண்டபம் இருக்கிறது. மேலைநாடுகளிலிருந்து திரும்பிய அவர் 1897 ஜனவரி 26 அன்று பாம்பனில்தான் கரையிறங்கினார். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்கு மாற்றாக 2025 ஏப்ரலில் திறந்த, நடுப்பகுதி செங்குத்தாக மேலே எழும் புதிய பாலத்தைக் கரையிலிருந்தே பார்க்கலாம். 1988-இல் திறந்த சாலைப் பாலத்தின்மேல் பேருந்துகளுக்கு நடுவே, குறுக்குக் காற்றில் சைக்கிள் ஓட்ட வேண்டியதில்லை. இந்த ஒரு நாளில் வண்டியின் பேட்டரி எவ்வளவு தாங்கும் என்பதும் பிடிபட்டுவிடும்.

இரண்டாம் நாள் விடிந்ததும் தனுஷ்கோடிக்குக் கிளம்புங்கள். வழியில் கோதண்டராமர் கோயிலுக்கு ஒரு கிளைச்சாலை பிரியும். இரண்டு பக்கமும் தேங்கிய நீர்ப்பரப்பு, நடுவே 1964 புயலைத் தாங்கி நின்ற கோயில். முகுந்தராயர் சத்திரம் வரைதான் முன்பு தார்ச்சாலை இருந்தது. அதற்குமேல் மணலிலும் தண்ணீரிலும் ஏறி இறங்கும் வேன்களே கதி. அங்கிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் சாலை 2017 ஜூலையில் திறக்கப்பட்ட பிறகுதான் சைக்கிளில் கடைக்கோடி வரை போக முடிகிறது.

முனைக்கு 4.5 கிலோமீட்டர் முன்னால் பழைய தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் அடித்த புயலும் கடலும் ஊரை அழித்தன. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலை அலை மூழ்கடித்ததில் அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இலங்கைக்குக் கப்பல் ஏறும் பயணிகள் வந்திறங்கிய அந்த ஊரில் இன்று தேவாலயச் சுவர், ரயில் நிலையத்தின் மிச்சம் போன்றவைதான் நிற்கின்றன. இது பலர் உயிர்விட்ட இடம். வண்டியை நிறுத்திவிட்டு நடந்து பாருங்கள். பக்கத்திலேயே மீனவர்கள் குடியிருக்கிறார்கள். உலரும் வலைகள்மீது சக்கரம் ஏறக் கூடாது.

அரிச்சல்முனையில் நீரோட்டம் கொடியது, குளிக்க இறங்காதீர்கள். பொழுது சாயும் முன்பே காவல்துறையினர் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால் பிற்பகலிலேயே திரும்பத் தொடங்குவது நல்லது.

மணலில் ஓட்டலாமா?

இந்த வண்டியால் மணலில் ஓட முடியும். தனுஷ்கோடியில் ஓட்டாமல் இருப்பதே சரி. தை முதல் பங்குனி வரை, சைக்கிளுக்கு ஏற்ற அதே மாதங்களில், பங்குனி ஆமைகள் என்ற கடலாமைகள் இரவில் கரையேறி முட்டையிடுகின்றன. குஞ்சு பொரிக்க ஏழெட்டு வாரமாகும். டயர் பதித்த பள்ளம் நமக்கு இரண்டு அங்குல ஆழம்தான். கடலைத் தேடி ஊர்ந்துபோகும் ஆமைக்குஞ்சு அதில் இறங்கினால் ஏற முடியாமல் அந்தப் பள்ளத்திலேயே அலைந்து காக்கைக்கும் நாய்க்கும் இரையாகும். மணல்மேடுகளைப் பிடித்து வைத்திருப்பவை அடும்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும். சக்கரம் ஏறி அவை அறுந்தால் அடுத்த கச்சானில் அந்த மேடு கலைந்து சாலைக்கு வந்துவிடும்.

சாலையோரச் சேற்றுப்பரப்புகளில் குளிர்காலத்தில் பூநாரைகள் இரை தேடுகின்றன. 2025 ஜூனில் தமிழக அரசு இங்கே சுமார் 525 ஹெக்டேர் பரப்பைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. அவற்றைத் தூரத்திலிருந்து பாருங்கள். மின்சார சைக்கிளுக்குச் சத்தம் இல்லை, அதனால் பறவை உடனே பறந்துவிடாது. இந்த வண்டியின் பெரிய வரமே அதுதான்.

அப்படியானால் தடித்த டயர் வீணா? வீணில்லை. சாலையில் காற்று கொட்டிவைத்த மணல் திட்டுகளில்தான் மெல்லிய டயர் வழுக்கி ஆளைக் கீழே தள்ளும். தடித்த டயர் அங்கே காப்பாற்றும். திட்டு தெரிந்ததும் வேகத்தைக் குறையுங்கள், கைப்பிடியை நேராக வையுங்கள், நடுமணலில் முன்பிரேக்கைப் பிடிக்காதீர்கள்.

எடுக்கும்போதும் கொடுக்கும்போதும்

பேட்டரி முழுதாக நிரம்பியிருக்கிறதா, பூட்டு சரியாக விழுகிறதா என்று பாருங்கள். இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துச் சோதியுங்கள். மோட்டாரை அணைத்துவிட்டு நூறு அடி மிதித்துப் பாருங்கள். பேட்டரி தீர்ந்தால் அந்தப் பாரத்தைத்தான் நீங்கள் இழுக்க வேண்டும். பஞ்சர் ஆனால் யார் வருவார் என்று கேளுங்கள். இந்த அளவு டியூப் எல்லா சைக்கிள் கடையிலும் கிடைக்காது, மோட்டார் உள்ள பின்சக்கரத்தைக் கழற்றுவதும் எளிதல்ல. வண்டியில் ஏற்கெனவே இருக்கும் கீறல்களைப் படம் எடுத்துவிட்டு முன்பணம் கொடுங்கள். தலைக்கவசம், ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், காற்றடிக்கும் பம்பு ஆகியவற்றை மறக்காதீர்கள்.

கடல் தண்ணீரில் சக்கரத்தை இறக்காதீர்கள். உப்பு செயினையும் மின்இணைப்புகளையும் அரித்துவிடும். திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துக் கொடுங்கள். பீய்ச்சியடித்தால் நீர் மோட்டாருக்குள் புகும். அடுத்து அதை எடுப்பவருக்கும் 22 கிலோமீட்டர் போய் 22 கிலோமீட்டர் திரும்ப வேண்டியிருக்கும்.