திருடனைக் காட்டிக்கொடுக்கும் சங்கிலி



காகிதத்தில் எழுதியதை அழித்துத் திருத்தினால் தடம் தெரியும். கணினியில் உள்ள ஆவணத்தைத் திருத்தினால்? ஒன்றும் தெரியாது! அப்படியானால் நூறு வருடம் கழித்துப் பார்ப்பவர், அது அசல்தான் என்று எப்படி நம்புவார்?

உங்களுக்கும் இந்தச் சந்தேகம் வந்ததா? சபாஷ்! லண்டனில் உள்ள பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்துக்கும் இதே கவலைதான். சர்ரே பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, 'ஆர்க்கேஞ்சல்' என்ற ஆய்வில் 2017-இல் அது இறங்கியது. பிளாக்செயின் என்ற பதிவுச் சங்கிலியைப் பயன்படுத்திப் பார்த்தார்கள்.

முதல் வேலை, ஆவணத்துக்குக் கைரேகை எடுப்பது. அதற்கு எஸ்.ஹெச்.ஏ-256 என்றொரு கணக்கு முறை இருக்கிறது. ஒரு வரியைக் கொடுத்தாலும், முழு சினிமாவைக் கொடுத்தாலும் 64 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு வரிசை கிடைக்கும். ஆவணத்தில் ஒரு கமாவை நீக்குங்கள். வரிசையே முற்றிலும் மாறிவிடும்! ஆனால் வரிசையை வைத்து ஆவணத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ரகசியம் ரகசியமாகவே இருக்கும்.

இதுவரை புரிந்ததா? இனி சங்கிலிக்கு வருவோம்.

கைரேகைகளைக் கட்டுக் கட்டாக, அதாவது பிளாக்குகளாகச் சேர்ப்பார்கள். ஒவ்வொரு கட்டிலும் முந்தைய கட்டின் கைரேகையும் இருக்கும். பழைய கட்டில் கை வைத்தால், அடுத்த கட்டோடு பொருந்தாது. குட்டு வெளிப்பட்டுவிடும்!

எல்லாக் கட்டுகளையும் ஒரே ஆள் மாற்றி எழுதிவிட்டால்? நல்ல கேள்வி! தெருக் கிரிக்கெட்டில் ஒருவனே ஸ்கோர் எழுதினால் இரண்டு ரன் கூட்டிவிடலாம். பத்துப் பேரும் தனித்தனி நோட்டில் எழுதினால் கூட்ட முடியுமா? அதேபோல் சங்கிலியின் நகல் பல நிறுவனங்களிடம் இருக்கும்.

ஒரு சிக்கல் வந்தது. பழைய வீடியோவைப் புதிய வடிவத்துக்கு மாற்றினால், படம் அதேதான். கைரேகை மட்டும் மாறிவிடும். அதனால் காட்சியையும் ஒலியையும் கவனித்துக் கைரேகை எடுக்கக் கணினியைப் பழக்கினார்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். இந்தச் சங்கிலியில் இருப்பது கைரேகைதான், ஆவணம் அல்ல. ஆவணம் தொலைந்தால் இது மீட்டுத் தராது. பத்திரமாகப் பல பிரதிகள் வைப்பது நம் பொறுப்பு.

பள்ளிக் கணினியில் ஆசிரியர் துணையோடு உங்கள் பெயருக்கு எஸ்.ஹெச்.ஏ-256 கைரேகை எடுங்கள். பிறகு ஓர் எழுத்தை மாற்றி மறுபடி எடுங்கள். இரண்டையும் ஒப்பிட்டு, என்ன பார்த்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்!